எது கழலும், எது கழலாது?

கேமிங் லேப்டாப் வாங்கி மூன்று வருடமானால் அதன் வயது தெரிய ஆரம்பிக்கும். புதிதாக வந்த விளையாட்டு திக்கித் திணறும். ஃபேன் போடும் இரைச்சல் பக்கத்து அறைவரை கேட்கும். இடம் போதவில்லை என்று தினம் ஓர் எச்சரிக்கை. புதியது வாங்க லட்ச ரூபாய்க்கு எங்கே போவது? ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றி, உள்ளே படிந்த தூசியைத் தட்டிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிடலாம். அதனால்தான் விடுமுறை நாளில் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருகிறவர்கள் இத்தனை பேர்.

திறந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். உள்ளே இருப்பவற்றில் சில, விரலால் நெம்பிய மாத்திரத்தில் கையோடு வந்துவிடுகின்றன. வேறு சில, 220 டிகிரி சூடு காட்டினாலொழிய அசைவதில்லை. இரண்டுமே சிலிக்கான் சிப்கள்தாம். ஒரே மதர்போர்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எது கழல வேண்டும், எது கழலக் கூடாது என்று கோடு கிழித்தது யார்? கம்பெனிகளின் பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அந்தக் கோட்டின் பெரும்பகுதியைக் கிழித்தவை வெப்பமும் தூரமும்.

உதாரணத்துக்கு 2021-ல் வந்த லெனோவோ லீஜியன் 5-ஐ எடுத்துக்கொள்வோம். ஏஎம்டி ரைசன் 7 5800எச் பிராசஸரும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் சிப்பும் கொண்ட மாடல். அந்த வருடங்களில் வந்த பிற கம்பெனி கேமிங் லேப்டாப்புகளிலும் உள்ளே ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

இந்த ரக லேப்டாப்புகளின் அடிமூடியைப் பிடித்திருப்பவை பத்துப் பன்னிரண்டு பொடித் திருகுகள். சிலவற்றின் மரையில் நீல நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள். அது நைலான் பூச்சு. ஃபேன்களின் ஓயாத அதிர்வில் திருகு தானாகத் தளராமல் பிடித்துக்கொள்வது அதுதான். எல்லாத் திருகுகளும் ஒரே நீளமும் இல்லை. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் எதிர்ப்பக்கம் புடைக்கும், அல்லது மதர்போர்டிலேயே துளை விழும். அனுபவசாலிகள் ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்திவைப்பார்கள். திருகெல்லாம் போன பிறகும் மூடி வராது. சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் உண்டு. பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் நுழைத்து நகர்த்தினால் டக் டக் என்று ஒவ்வொன்றாக விடும்.

மூடி திறந்ததும் கையை உள்ளே விடுவதற்கு முன் ஒரு நிமிடம். நடக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் நம் உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. கதவுப் பிடியைத் தொட்டதும் சுருக்கென்று உணர்கிறோமே, அந்த நேரத்தில் நம் உடம்பு குறைந்தது 3,000 வோல்ட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் குறைவாக இருந்தால் நமக்கு உறைக்கவே உறைக்காது. சிப்புக்கோ நூறு வோல்ட்டே அதிகம். அதனுள் இருக்கும் மின்காப்புப் படலங்களின் தடிமன் சில நானோமீட்டர். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நமக்குத் தெரியாமலே நாம் ஒரு சிப்பைக் கொன்றுவிட முடியும். தரையிணைப்பு உள்ள உலோகம் எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்த ஆபத்து குறைவு. ஏசி போட்டுக் காற்றை உலர்த்திய அறையில் அதிகம்.

அடுத்து பேட்டரியின் இணைப்பானைப் பிடுங்க வேண்டும். லேப்டாப்தான் அணைந்திருக்கிறதே என்பது தப்புக்கணக்கு. அணைத்த நிலையிலும் மதர்போர்டின் சில பாதைகளில் மின்சாரம் விழித்திருக்கும்; பவர் பட்டனை எப்போது அழுத்துவார்கள் என்று யாராவது காத்திருக்க வேண்டுமல்லவா? கை தவறி விழும் ஒரு திருகு இரண்டு பாதைகளைச் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. 80 வாட்-மணி பேட்டரியில் இருப்பது 2,88,000 ஜூல் ஆற்றல். 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஈஃபில் கோபுரத்தின் உச்சியையும் தாண்டி, 490 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும்.

இப்போது உள்ளே என்னதான் தெரிகிறது? முன்பாதி முழுக்க பேட்டரி. பின்பாதியில் இரண்டு மூலையிலும் இரண்டு ஃபேன்கள், அவற்றை இணைத்தபடி பட்டையான செம்புக் குழாய்கள். கணினி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அது அந்தச் செம்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பிராசஸரின் சிலிக்கான் துண்டு 180 சதுர மில்லிமீட்டர். கிராபிக்ஸ் சிப்புடையது 276. இரண்டையும் சேர்த்தாலும் ஐந்து சதுர சென்டிமீட்டர் வராது. அதற்குள் 2,200 கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் நுண் சுவிட்சுகள். உலக மக்கள் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டாலும் மிச்சமிருக்கும். இரண்டரைக் கிலோவை நெருங்கும் இந்தப் பெட்டியில் மீதி எல்லாம் அந்த இரண்டு துண்டுகளுக்குச் சோறு போடவும் சூடு தணிக்கவும்தான்.

அந்தச் சூடு லேசுப்பட்டதல்ல. விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கிராபிக்ஸ் பகுதி 115 வாட்டுக்கும் மேல் மின்சாரம் தின்னும். அதில் பெரும்பங்கு அந்த 276 சதுர மில்லிமீட்டருக்குள்தான் வெப்பமாகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 40 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள்: 1,000 வாட், அடித்தகடு கிட்டத்தட்ட 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தே வாட். சிப்பின் முகத்தில் இஸ்திரிப் பெட்டியைவிட எட்டு மடங்கு அடர்த்தியாக வெப்பம் பீறிடுகிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டி 200 டிகிரிவரை போகலாம். சிப்போ 90-ஐத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திணறியதற்குப் பாதிக் காரணம் இதுதான். சிப்புக்கு வயதாகவில்லை. வெந்துபோய் மெதுவாக நடக்கிறது.

இங்கேதான் அந்தச் செம்புக் குழாய்கள் வருகின்றன. இந்தப் பெட்டிக்குள் இருப்பவற்றிலேயே என்னை அதிகம் வியக்க வைப்பது பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அல்ல. ஓடும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்தக் குழாய்தான். பெயர் ஹீட் பைப், வெப்பக் குழாய். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் செம்பு என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டிச் செம்புக் கம்பி வழியாக 60 வாட் வெப்பத்தை 20 சென்டிமீட்டர் தள்ளி அனுப்ப வேண்டுமென்றால், இரு முனைகளுக்கும் இடையே ஆயிரம் டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டும். செம்பு உருகுவதே 1,085 டிகிரியில்! ஹீட் பைப் அதே வேலையைச் சில டிகிரி வித்தியாசத்திலேயே முடிக்கிறது.

ரகசியம், உள்ளே இருக்கும் துளித் தண்ணீர். குழாய்க்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சிறிது நீரை விட்டு மூடிவிடுகிறார்கள். காற்றின் அழுத்தம் இல்லாததால் நீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை, கைச்சூட்டுக்கே ஆவியாகும். சிப்பின் மேல் இருக்கும் முனையில் நீர் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை விழுங்கிக்கொண்டு கிளம்புகிறது. நீர் தன் நிலையை மாற்றிக்கொள்வதற்காக உள்ளே வாங்கி மறைத்துவைக்கும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஆவி மறுமுனைக்குப் பாய்கிறது. கணக்குப்படி நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேலான வேகம். அங்கே ஃபேன் காற்றில் குளிர்ந்து நீராகிறது, மறைத்துவைத்த வெப்பத்தை முழுக்கக் கக்கிவிடுகிறது. 60 வாட்டைச் சுமக்க, நாற்பது நொடிக்கு ஒரு கிராம் நீர் ஆவியானால் போதும்.

சரி, குளிர்ந்த நீர் திரும்பி வருவது எப்படி? பம்ப் கிடையாது. குழாயின் உட்சுவரில் செம்புப் பொடியை உருகாமல் சுட்டு ஒட்டவைத்திருக்கிறார்கள். பொடிகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுத்துக்கொண்டே போகும். வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் காக்லர் 1944-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். யாரும் சீண்டவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக மறுபடி கண்டுபிடித்தபோதுதான் அதற்கு வாழ்வு வந்தது. எடையற்ற விண்வெளியிலும் பம்ப் இல்லாமல் நீரைத் திருப்பிக் கொண்டுவரும் பொருளை விண்கல விஞ்ஞானிகள் விடுவார்களா? அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்ப் பாதையை நிறுத்தியிருக்கும் தூண்களிலும் இதே இனத்தைச் சேர்ந்த வெப்பக் குழாய்கள் 1,24,000 உண்டு. கீழே உறைந்த மண் இளகிவிடாமல் வெப்பத்தை வெளியேற்றுவது அவற்றின் பணி.

ஹீட் பைப் கொண்டுவந்து சேர்த்த வெப்பத்தை வெளியே தள்ளுவது ஃபேனின் வேலை. குழாயின் முனையில் தாள்போல் மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். மூன்று வருடத் தூசி ஃபேனுக்கும் இந்தத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போல் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. காசு செலவில்லாத அப்கிரேடு ஒன்று உண்டென்றால் அந்தக் கம்பளியை எடுப்பதுதான். ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றுவேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் தேயும். போதாக்குறைக்கு, சுழற்றிவிட்ட மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரத்தை அனுப்பவும் செய்யும்.

செம்புத் தகட்டுக்கும் சிப்புக்கும் இடையே சாம்பல் நிறப் பசை ஒன்று இருக்கும். தெர்மல் பேஸ்ட். கண்ணாடிபோல் பளபளக்கும் இரண்டு பரப்புகளும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பத்துக்கு அது சுவர். நல்ல பேஸ்ட் காற்றைவிட முந்நூறு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். ஆனால் செம்போடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. ஆகவே பள்ளத்தை நிரப்புகிற அளவு இருந்தால் லாபம், அதற்கு மேல் அப்பினால் நஷ்டம். இந்தப் பேஸ்ட் ஏன் சில வருடத்தில் கெட்டுப்போகிறது என்பதில் ஒரு சுவாரசியம். சூடேறும்போது செம்பு சிலிக்கானைவிட ஆறு மடங்கு அதிகமாக விரிகிறது. ஒவ்வொரு தடவை விளையாட்டைத் தொடங்கி முடிக்கும்போதும் இரண்டு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு அளவுக்கு நகர்ந்து திரும்புகின்றன. ஆயிரம் தடவை இப்படி நடந்தால் நடுவிலிருக்கும் பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். சில கருவிகளில் பேஸ்ட்டுக்குப் பதில் காலியம் கலந்த திரவ உலோகத்தையே வைக்கிறார்கள். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் அதுதான். அபாரமாகக் கடத்தும். ஆனால் ஒரு துளி சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தைத் தொட்டால் அதை அரித்துத் தின்னும். புதிதாகக் கை வைப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இனி வாங்கி வந்ததைப் பொருத்துவோம். முதலில் ரேம். லீஜியனில் அதன்மேல் ஓர் உலோக மூடி இருக்கும். நொடிக்கு 160 கோடி முறை துடிக்கும் ரேம், பக்கத்திலிருக்கும் வைஃபைக்குத் தொந்தரவு தரும் வானொலி அலைகளைக் கசியவிடும். அதை அடைக்கத்தான் இந்தக் கூண்டு. மூடியை நீக்கி, இரு பக்கத்துக் கொக்கிகளையும் விரலால் விலக்கினால் ரேம் பலகை துள்ளி எழும். அதன் விளிம்பில் 260 தங்கத் தொடுமுனைகள். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வெட்டு. தலைகீழாகச் செருக முயன்றால் உள்ளே போகாது. டிடிஆர்4 ரகத்துக்கும் டிடிஆர்5 ரகத்துக்கும் அந்த வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், தப்பான ரகத்தை வாங்கிவந்தாலும் லேப்டாப் பிழைத்துக்கொள்ளும், பணம்தான் போகும். இன்னொன்று: இந்தச் செருகுவாயை ஏறத்தாழ 25 தடவை செருகிக் கழற்றவே வடிவமைத்திருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ திறப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

16 ஜிபி என்று அட்டையில் சாதாரணமாக அச்சிட்டிருப்பார்கள். அதன் பொருள், 13,700 கோடிக்கும் மேற்பட்ட மின்தேக்கிகள். மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் கிண்ணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் காவல். நிரம்பியிருந்தால் ஒன்று, காலியாக இருந்தால் பூஜ்யம். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968-ல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டின் அழகே அதன் சிக்கனம்தான். அதன் வினோதமும் அங்கேதான் இருக்கிறது: எல்லாக் கிண்ணங்களும் ஒழுகுகின்றன! உள்ளே இருப்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள். சும்மா விட்டால் சற்று நேரத்தில் காலி. ஆகவே ஒவ்வொரு கிண்ணத்தையும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை படித்துப் பார்த்து மறுபடி நிரப்பியாக வேண்டும். இதற்காக 7.8 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் தடவை, ரேம் தன் வேலையை நிறுத்திவிட்டு நிரப்பப் போகிறது. நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு இதற்கே செலவு. நாம் படிக்கக் கேட்டாலும் கிண்ணம் காலியாகிவிடும். படித்த கையோடு திரும்ப நிரப்புவார்கள். இத்தனை ஒழுகலுக்கு நடுவே ஒரு துளியும் மறக்காமல் இது இயங்குவதை நினைத்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வருவதில்லை.

ஒரே 16 ஜிபி பலகையைவிட இரண்டு 8 ஜிபி பலகைகள் மேல். பலகைக்கு 64 பாதைகள்; இரண்டு போட்டால் பிராசஸருக்கு 128. நொடிக்கு 25.6 ஜிபி இருந்தது 51.2 ஆகும். இதை ஓரளவு எல்லோரும் சொல்வார்கள். சொல்லாத ஒன்று, பலகையின் மேலிருக்கும் கறுப்புச் சிப்களை எண்ணிப் பார்ப்பது. 64 பாதைகளை எட்டு சிப்கள் எட்டெட்டாகவும் பகிரலாம், நான்கு சிப்கள் பதினாறு பதினாறாகவும் பகிரலாம். டிடிஆர்4-ல் இரண்டாவது ரகத்துக்கு உள் அறைகள் பாதிதான்; ஒரு அறை வேலையாக இருக்கும்போது வேறொன்றில் வேலையைத் தொடங்கும் சாமர்த்தியம் அதற்குக் குறைவு. விலை மலிவென்பதால் 2021 வாக்கில் வந்த பல லேப்டாப்புகளில் இந்த நான்கு சிப் பலகைகள்தான் இருந்தன. விளம்பரத் தாளில் இரண்டும் ஒரே எண்கள்.

அடுத்தது எஸ்எஸ்டி. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சூயிங்கம் பட்டை அளவு. சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்கவைத்து, ஒரே ஒரு திருகு. முடிந்தது. 100 ஜிபி விளையாட்டு ஒன்றைப் படிக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதினேழு நிமிடம் ஆகும் என்றால் இதற்கு முப்பது நொடி. கடையில் நொடிக்கு 7,000 எம்பி என்று எழுதிய இரட்டிப்பு வேக ரகத்தைக் காட்டுவார்கள். அது இந்த லேப்டாப்பில் பொருந்தும், ஓடவும் செய்யும், ஆனால் பாதி வேகத்தில்; 5800எச் பிராசஸர் தரும் பாதை அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது.

ரேமின் கிண்ணம் ஒழுகுமென்றால் எஸ்எஸ்டி மட்டும் மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் எப்படி நினைவு வைத்திருக்கிறது? இங்கே கிண்ணத்துக்கு வாசலே கிடையாது. எலக்ட்ரான்களை நாற்புறமும் மின்காப்புச் சுவர் எழுப்பிச் சிறைவைத்திருக்கிறார்கள். வாசலில்லாத சிறைக்குள் எப்படி அடைத்தார்கள் என்பதில்தான் குவாண்டம் இயற்பியல் எட்டிப் பார்க்கிறது. சுவருக்கு அப்பால் 20 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்கள் சுவரை உடைக்காமலும் தாண்டாமலும் அதன் ஊடாகவே மறுபுறம் தோன்றிவிடுகின்றன. குவாண்டம் ஊடுருவல் என்று இதற்குப் பெயர். தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவும் 1980-களில் வடிவமைத்த ஃபிளாஷ் நினைவகத்தின் உயிர்மூச்சு அது. இப்போதெல்லாம் ஒரு சிறையில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதை எட்டுப் படிகளாக அளந்து, ஒரே சிறையில் மூன்று தகவல் துணுக்குகளை வைக்கிறார்கள். தரையில் இடம் போதாமல் மாடி கட்டவும் தொடங்கினார்கள்: 2013-ல் சாம்சங் 24 அடுக்கு, இன்று இருநூறுக்கும் மேல். 1 டிபி எஸ்எஸ்டியில் இரண்டரை லட்சம் கோடிக்கும் அதிகமான சிறைகள்.

ஒவ்வொரு ஊடுருவலிலும் சுவர் கொஞ்சம் நைந்துபோகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் சீக்கிரம் சாகும். அதனால் எஸ்எஸ்டிக்குள் தனியாக ஒரு குட்டிப் பிராசஸர் உட்கார்ந்து, தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரேபோல் விழும்படி தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நாம் ஒரு கோப்பை 'அதே இடத்தில்' சேமித்ததாக நினைப்போம். அது எங்கோ போய்விட்டிருக்கும். 1 டிபி ரகங்களில் 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருவது வழக்கம். தினமும் 50 ஜிபி எழுதினால்கூட 32 வருடத்துக்கு மேல் வரும். லேப்டாப்பின் மற்ற எதுவும் அதுவரை இருக்காது.

கழலுபவை இவ்வளவுதான், வைஃபை அட்டையும் பேட்டரியும் ஃபேனும் சேர்த்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சிப்பை மட்டும் ஏன் மாற்ற முடியாது? அதைச் சுற்றிக் காவல்போல் நிற்கும் ஆறு நினைவகச் சிப்களைப் பாருங்கள். இவை 192 கம்பிகளால் அதனோடு பேசுகின்றன. ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 1,400 கோடித் துணுக்குகள். ஒரு துணுக்கின் ஆயுள் 71 பிக்கோநொடி. பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மதர்போர்டின் செம்புப் பாதையில் சைகை ஒளியின் பாதி வேகத்தில் போகும். 71 பிக்கோநொடியில் அதற்குக் கிடைப்பது ஒரு சென்டிமீட்டர் பயணம். ஒரு துணுக்கு நினைவகத்தைப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் இரண்டு மூன்று துணுக்குகள் கிளம்பிவிட்டிருக்கும். ஒரு கம்பி சில மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலும் அதன் துணுக்கு மற்றவற்றுக்குப் பிந்திவிடும். போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நேராகப் போகவேண்டிய சில செம்புக் கோடுகள் வேண்டுமென்றே வளைந்து நெளிந்து போவது தெரியும். அருகில் இருப்பவர்கள் சுற்றிக்கொண்டு வரட்டும், எல்லோரும் ஒன்றாக வந்து சேரலாம் என்ற ஏற்பாடு அது. நடுவில் ஒரு செருகுவாயை வைத்தால், கம்பி மாறும் அந்த இடத்தில் சைகையில் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பும்; அடுத்த துணுக்கோடு மோதும். ரேமில் ஒரு துணுக்கு 312 பிக்கோநொடி நீளம் என்பதால் எதிரொலி அடங்க நேரம் இருக்கிறது. இங்கே இல்லை.

அப்படியென்றால் எஸ்எஸ்டி எப்படித் தப்பித்தது? அதன் கம்பிகளிலும் துணுக்குகள் 125 பிக்கோநொடிதான். அங்கே தந்திரம் வேறு. ஒவ்வொரு சைகையும் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரேபோல் ஏறுவதால், கழித்துப் பார்த்தால் காணாமல் போய்விடும். நான்கே பாதைகள், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கவும் வேண்டாம்; தாமதத்தை மறுமுனையில் சரிசெய்துகொள்வார்கள். அதற்கு மின்சாரமும் நேரமும் கொஞ்சம் அதிகம் செலவாகும். 192 கம்பிகளுக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

தூரத்துக்கு இன்னொரு பகையும் உண்டு. அடாப்டர் தருவது 20 வோல்ட். கிராபிக்ஸ் சிப் கேட்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். உச்சத்தில் அந்தச் சிறு துண்டுக்குள் 100 ஆம்பியர் அளவுக்குப் பாய்கிறது. ஒரு நடுத்தர வீட்டின் முழு இணைப்பே 20, 30 ஆம்பியர்தான். இவ்வளவு மின்னோட்டத்தைத் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வழியிலேயே வெப்பமாகிப் போகும். அதனால்தான் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகளாகத் தெரியும் மின்சுருள்கள் சிப்பை ஒட்டியே வரிசைகட்டி நிற்கின்றன. நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி வோல்ட்டை இறக்குவது அவற்றின் குழு. விளையாட்டின் முகப்புப் பக்கத்தில் சில சமயம் மெல்லிய கீச்சொலி கேட்குமே, அது ஃபேன் அல்ல. இந்தச் சுருள்கள் அதிர்வது.

பிராசஸர் கதையில் கம்பெனிகளைக் கொஞ்சம் திட்டலாம். இன்டெலின் நான்காம் தலைமுறைவரை, அதாவது 2014 வாக்கில்கூட, பிராசஸரைக் கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப்புகள் இருந்தன. மெலிவு மோகத்தில் செருகுவாயின் இரண்டு மூன்று மில்லிமீட்டரைச் சேமிக்க அதைத் தியாகம் செய்தார்கள். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈய உருண்டைகள், பெயர்தான் ஈயம், உண்மையில் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை, பிராசஸரை போர்டோடு பிணைத்திருக்கின்றன. 217 டிகிரிக்கு மேல்தான் அவை இளகும்.

ஆனால் கோடு ஒரே இடத்தில் நிற்கவில்லை. பழைய ரேம் செருகுவாய் வேகத்தில் முட்டுச்சந்தை அடைந்ததும், பலகையைத் தட்டையாகப் படுக்கவைத்துத் திருகால் அழுத்தும் கேம்2 என்ற புதிய வடிவத்துக்கு 2023 டிசம்பரில் தரம் நிர்ணயித்தார்கள். பாதை சுருங்கியதால், முன்பு ஒட்டியே தீரவேண்டும் என்றிருந்த வேக ரேமும் கழலக்கூடியதாகிவிட்டது. 2024-ல் திங்க்பேட் பி1-ல் அது வந்தும்விட்டது. ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனம் தன் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸையே கழற்றிக் காட்டியது. அவர்கள் வெட்டிய இடம்தான் சாமர்த்தியம்: சிப்பையும் அதன் நினைவகத்தையும் பிரிக்காமல் ஃபேனோடு சேர்த்து ஒரு பெட்டியாக்கி, எஸ்எஸ்டி பயன்படுத்தும் அதே வகைப் பாதைகள் எட்டினால் லேப்டாப்போடு இணைத்தார்கள்.

நம் லீஜியனுக்குத் திரும்புவோம். எல்லாம் பொருத்தியாகிவிட்டது. பேட்டரியைச் செருகி, மூடியை அழுத்தி, திருகுகளை முறுக்கி, பவர் பட்டனை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பு. பலர் பயந்துபோய் அணைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அணைக்கக் கூடாது. புதிய ரேம் வந்திருப்பதைப் பிராசஸர் கண்டுபிடித்துவிட்டது; இப்போது அதனோடு பழகிக்கொண்டிருக்கிறது. தனக்குத் தெரிந்த ஒரு வரிசையை ஒவ்வொரு கம்பியிலும் அனுப்பி, திரும்பப் படித்து, சரியாக வந்ததா என்று பார்க்கிறது. வரவில்லையென்றால் கேட்கும் நேரத்தைச் சில பிக்கோநொடி தள்ளிவைத்து மறுபடி முயல்கிறது. 128 கம்பிகளுக்கும் தனித்தனியாக. வாங்கிய பலகைகள், அந்தச் செருகுவாய், இந்த போர்டின் செம்புக் கோடுகள் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும் அளவுகளைக் கண்டுபிடித்துக் குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை இந்தத் தாமதம் இருக்காது. டிடிஆர்4-ல் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிடிஆர்5 லேப்டாப்புகளில் சில நிமிடம்கூட ஆகும். பத்து நிமிடம் கழித்தும் திரை கறுப்பாகவே இருந்தால் மூடியை மறுபடி திறந்து, ரேமைக் கழற்றி, இரு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும்.